வெற்றுப் பக்கத்தில் ரோஜாவின் கையெழுத்து

2021ஆம் ஆண்டு. புரட்டாசி பிறந்து நான்கைந்து நாள்கள் ஆகியிருந்தன. மழை இன்னும் இறங்கவில்லை, காற்றும் இல்லை. காணையில் ஒன்றிய அலுவலகத்துக்கு எதிரே என் தம்பி நடத்தும் ஜெராக்ஸ் கடையில், உள்ளாட்சித் தேர்தலுக்கான வேட்புமனுக்களை நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பள்ளியில் முப்பத்திரண்டு ஆண்டுகள் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்ற பிறகு, கடையின் ஓரமாக ஒரு மேசை போட்டு மனு எழுதித் தருவது என் வழக்கமாகியிருந்தது. அன்று முற்பகல் நால்வர் வந்தனர். மூவர் ஆண்கள். நான்காமவர் ரோஜா.

முன்னால் வந்தவர் சக்கரபாணி. காணைக்கு மேற்கே ஏழு கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஒரு சிற்றூரில் கரும்பும் நெல்லும் பயிரிடுபவர். அவ்வூரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவர்கள் எல்லாரும் இன்னும் அங்கேதான் வாழ்கிறார்கள். அவருக்குப் பின்னால், கக்கத்தில் கோப்புடன், ஊராட்சிச் செயலர் தமிழ்மணி. மூன்றாமவர் சக்கரபாணியின் டிராக்டரை ஓட்டும் கண்ணையன், ரோஜாவின் கணவர். அவ்வூராட்சியின் தலைவர் பதவி அம்முறை பட்டியல் சாதிப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி, காலனியில் மனுச்செய்ய எண்ணியிருந்த இருவரை விலகச் செய்து, ரோஜாவை நிறுத்துவதென்று முடிவு செய்திருந்தனர். துணைத்தலைவராகச் சக்கரபாணி வருவார் என்பதும் அக்கூட்டத்திலேயே முடிவாகிவிட்டது.

நான் படிவத்தை விரித்தேன்.

"பெயர்?"

"ரோஜா" என்றார் சக்கரபாணி.

"வயது?"

"முப்பத்திரெண்டு இருக்கும், போடுங்க டீச்சர்."

"முப்பத்தி நாலு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். அப்போதுதான் அந்த முகத்தைச் சரியாகப் பார்த்தேன். கரும்புத் தோகை கீறிய வடுக்கள் முன்கைகளில். தலையை வாரி இறுக்கிப் பின்னியிருந்தார்.

"தொழில்?"

"கூலின்னு போடுங்க. வேற என்ன?"

"கம்பெனி வேலைன்னு போடலாங்களா டீச்சர்?" என்றார் ரோஜா.

தமிழ்மணி சிரித்தார். "எந்தக் கம்பெனிக்கும்மா நீ மொதலாளி?"

"திண்டிவனத்துல செருப்புக் கம்பெனி. வர்ற திங்கக்கிழமை வரச் சொல்லிட்டாங்க. வேன் வந்து ஏத்திக்கினு போவும். போட்டோகூட எடுத்து வச்சுட்டேன்." அவர் கைப்பையிலிருந்து ஓர் உறையை எடுத்தார். அதில் ஆறு சிறிய படங்கள் இருந்தன. நீலச் சேலையில், கண்களை அகலத் திறந்து, அடையாள அட்டைக்காக எடுத்துக்கொண்ட படம்.

சக்கரபாணி கோபப்படவில்லை. அவர் ஒருபோதும் கோபப்படுபவரல்லர். "ஊருக்குத் தலைவரா ஆவப் போறவ செருப்பு தெக்கப் போனா நாலு பேரு இன்னா சொல்லுவான்? அஞ்சே வருசம். அப்புறம் கம்பெனியே வாங்கித் தர்றேன், போதுமா?" என்றார். எல்லாரும் சிரித்தனர். கண்ணையனும் சிரித்தார்.

ரோஜா என்னிடம் குனிந்து, "இதுல கையெழுத்துப் போட்டுட்டா, நடுவுல வேணாம்னு வந்துர முடியுமா டீச்சர்?" என்று கேட்டார்.

விதிகளை நான் சொல்லத் தொடங்குவதற்குள், "அதையெல்லாம் டீச்சரை எதுக்குக் கேக்கற? என்னைக் கேளு" என்றார் சக்கரபாணி.

ரோஜா அவரைக் கேட்கவில்லை. கையெழுத்திட்டார். எட்டாம் வகுப்புவரை படித்தவருடைய, ஒவ்வோர் எழுத்தையும் நிறுத்தி எழுதுகிற கையெழுத்து. நான் மனுவில் பிழை இருக்கிறதா என்று இருமுறை பார்த்தேன். பிழை ஒன்றும் இல்லை.

போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஊர் முகப்பில் வரவேற்புப் பதாகை கட்டினார்கள். அதில் சக்கரபாணி ஆளுயரத்துக்குக் கைகூப்பி நின்றார். கீழ்மூலையில், அஞ்சல்தலையைச் சற்றுப் பெரிதாக்கியது போன்ற அளவில், ரோஜா இருந்தார். நிறுவனத்துக்கென்று எடுத்த அதே படம்.

அதன்பின் மாதத்துக்கு ஒருமுறையேனும் ஒன்றிய அலுவலகத்துக்கு வருகையில் என் மேசைக்கும் வருவார். தண்ணீர் குடித்துவிட்டுச் சிறிது நேரம் உட்கார்ந்திருப்பார். அவருடைய நாள்களை அவர் சொல்லச் சொல்லத்தான் அறிந்தேன். விடியற்காலை ஐந்தரை மணிக்குத் திண்டிவனத்து வேன் காலனி முனையில் ஒலியெழுப்பும். எதிர்வீட்டுப் பெண்கள் இருவர், கழுத்தில் அட்டை தொங்க, ஓடிப்போய் ஏறுவார்கள். ரோஜா அரிவாளை எடுத்துக்கொண்டு சக்கரபாணியின் கரும்புக் காட்டுக்குப் போவார். ஊராட்சி அலுவலகத்தில் அவருக்கென்று ஒரு நாற்காலி இருந்தது; அதில் உட்கார நேரம் வாய்க்காதவாறு காட்டில் வேலையும் இருந்தது. பதவி முத்திரை சக்கரபாணியின் சட்டைப்பையில் இருந்தது.

"ஏன் நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளவில்லை?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கேட்டேன் டீச்சர். 'கரும்பு வெட்டற எடத்துல தொலைச்சுருவே, எங்கிட்ட பத்திரமா இருக்குது'ன்னாரு. அதுவும் நெசந்தானே? வெட்டற எடத்துல எங்க வைக்கறது?"

கிராமசபைக் கூட்டம் நடக்கும் நாள்களில் ஒரு நடைமுறை இருந்தது. கூட்டம் முடிவதற்கு முன்பே, சில வேளைகளில் தொடங்குவதற்கு முன்பே, தீர்மானப் புத்தகம் கரும்புக் காட்டுக்கு வந்துவிடும். கண்ணையன் டிராக்டரை வரப்போரம் நிறுத்துவார். பொறி ஓடிக்கொண்டே இருக்கும். தமிழ்மணி புத்தகத்தை மட்கார்டின் மேல் விரித்துப் பிடிப்பார். வெற்றுப் பக்கம். அடியில் மட்டும் 'தலைவர்' என்று எழுதியிருக்கும்.

"ஜல்தியா போடும்மா. வண்டி ஆடுது, கோடு கோணப் போவுது."

"மேல ஒண்ணுமே இல்லியே சார்?"

"அதை நாங்க பொறுமையா எழுதிக்குவோம். உனக்கு வேலை கெடக் கூடாதுன்னுதானே இங்கயே எடுத்துக்கினு வந்தேன்?"

கண்ணையன் இருக்கையிலிருந்து எட்டிப் பார்த்து, "போட்டுட்டு விடேன். டீசல் வீணாப் போவுது" என்பார். ரோஜா கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு கையெழுத்திடுவார். இப்படி எத்தனை பக்கங்கள் என்று பின்னாளில் நான் அவரைக் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை.

2023ஆம் ஆண்டு அக்டோபர் இரண்டாம் நாள் கூட்டத்துக்கும் அவ்வாறே நடந்தது. அதற்கு அடுத்த வாரம் தமிழ்மணி என் மேசைக்கு ஒரு வரைவுடன் வந்தார். "நம்ம எழுத்து ஆபீசுக்குப் போனா சிரிக்கறாங்க டீச்சர். கொஞ்சம் ஒழுங்கு பண்ணிக் குடுங்க, அதையே புத்தகத்துல ஏத்திடறேன்" என்றார். நான் வாங்கிப் படித்தேன். காலனியிலிருந்து இடுகாட்டுக்குச் செல்லும் வண்டிப்பாதையைக் கல்லும் மண்ணும் போட்டு உயர்த்தும் பணி அரசின் பட்டியலில் இருந்தது. அப்பணி வேண்டாம் என்பது தீர்மானம். வரைவில் 'காலனி ஜனங்க ஒத்துக்கிட்டதால' என்று இருந்தது. நான் அதை அடித்துவிட்டு, 'காலனி மக்கள் ஓடைக்கரை வழியைப் பயன்படுத்திக்கொள்ள மனமுவந்து இசைவு தெரிவித்துள்ளமையால்' என்று எழுதினேன். நான்கு ஒற்றுப்பிழைகளையும் நீக்கினேன். யார் இசைந்தார்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. என் கண் எழுத்தின் மேல்தான் இருந்தது.

அடுத்த தை மாதம் அந்த வண்டிப்பாதையில் சக்கரபாணியின் கரும்பு நடப்பட்டது. அப்பாதை அவருடைய இரண்டு வயல்களுக்கு நடுவே செல்கிறது. தம் பாட்டனார் காலத்தில் அது தங்கள் நிலமாகவே இருந்தது என்று அவர் சொல்வார். அதை உண்மையாகவே நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். காலனியில் முணுமுணுப்பு எழுந்தது. "கரும்பு ஒரு போகந்தான். அப்புறம் பார்த்துக்கலாம்" என்று ரோஜாவிடம் சொன்னார்கள். ரோஜா அதைத் தெருவில் சொன்னார். தெரு அவரை நம்பியது.

2024 கார்த்திகையில் பெருமழை பெய்தது. எங்கள் மாவட்டமே தண்ணீரில் நின்ற நாள்கள் அவை. மூன்றாம் நாள் காலையில் ரோஜாவின் மாமியார் பூமாலை இறந்துபோனார். பாதையில் ஆளுயரக் கரும்பு சாய்ந்து பின்னிக் கிடந்தது. அதை வெட்டி வழியெடுக்கலாம் என்று இளைஞர்கள் சிலர் சொன்னபோது, கண்ணையனே அரிவாளின் குறுக்கே நின்றார். "மொதலாளி பயிருடா. நாளைக்கு எவன் பதில் சொல்றது?" ஓடைக்கரை என்று ஒன்று அன்று இல்லை, ஓடைதான் இருந்தது. மார்பளவு நீரில் ஆறு பேர் பாடையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். நடு ஓடையில் ஒருவருக்குக் கால் வழுக்கியது. பூமாலை தண்ணீரில் விழுந்தார். அவரைத் தேடிப் பிடித்து மீண்டும் பாடையில் வைத்துக் கட்ட அரை மணி நேரம் ஆயிற்று. கரையில் நின்றிருந்த பெண்களில் ஒருத்தி, "தலைவரம்மா வூட்டுப் பொணத்துக்கே இந்தக் கதின்னா, நம்மளுக்கெல்லாம் யாரு வழி உடுவா?" என்று சொன்னாளாம். ரோஜாவுக்கு அந்தச் சொல் காதிலேயே நின்றுவிட்டது.

பதினாறாம் நாள் முடிந்ததும் ஒன்றிய அலுவலகத்துக்கு வந்தார். பாதைப் பணி ஏன் நின்றது என்று கேட்டார். எழுத்தர் கோப்பைப் புரட்டி, "நீங்களே வேணாம்னு எழுதிக் குடுத்திருக்கீங்களேம்மா?" என்று ஒரு நகலைக் காட்டினார். ரோஜா அதைப் படியெடுத்துக்கொண்டு சாலையைக் கடந்து என் மேசைக்கு வந்தார். அது என் மொழி என்பது எனக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது.

"இதைச் செம்மைப்படுத்திக் கொடுத்தது நான்தான், ரோஜா" என்றேன்.

அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தான் எழுதியிருக்கீங்க டீச்சர். படிச்சா எனக்கே நாந்தான் சொன்ன மாதிரி இருக்குது."

பிறகு அடியிலிருந்த கையெழுத்தின் மேல் விரலை வைத்தார். "இதுவும் என்னுதுதான். இல்லேன்னு சொல்ல முடியாது."

2025 குடியரசு நாளன்று புத்தகம் வழக்கம்போல் மட்கார்டுக்கு வந்தது. ரோஜா அரிவாளைக் கீழே வைக்கவில்லை. "எழுதி எடுத்துக்கினு வாங்க. படிச்சுட்டுப் போடறேன்" என்றார். தமிழ்மணி முதலில் சிரித்தார். பின்பு கண்ணையனைப் பார்த்தார். கண்ணையன் பொறியை நிறுத்தினார்.

"என்னாடி, புதுசாப் பேசறே?"

"பழசாவும் பேசலியே நான். இன்னிக்குத்தான் பேசறேன்."

அன்று மாலையே டிராக்டர் சாவி கண்ணையனிடமிருந்து வாங்கப்பட்டது. ரோஜாவுக்கும் காட்டில் வேலை நின்றது. அடுத்த ஒரு மாதம் எந்தத் தாளிலும் அவர் கையெழுத்திடவில்லை. சரியாகச் சொன்னால், எழுதி முடித்த எந்தத் தாளும் அவரிடம் காட்டப்படவில்லை. மாசியில் காலனியின் தண்ணீர்த்தொட்டி மோட்டார் பழுதாயிற்று. பழுதுபார்க்கத் தலைவர் கையெழுத்து வேண்டும். தாள் வெறுமையாகத்தான் வந்தது. அவர் மறுத்தார். மூன்று நாள் தெருவில் தண்ணீர் இல்லை. குடங்களுடன் நின்ற பெண்கள் அவர் வீட்டு வாசலில் கூடினார்கள்.

"ஒரு கையெழுத்துப் போட்டா விரலு தேஞ்சு பூடுமாடி உனக்கு?"

"கம்பெனிக்குப் போவாம எங்க தலையில வந்து குந்திக்கினா பாரு!"

அவர்களுக்காகத்தான் மறுக்கிறேன் என்பதை ரோஜாவால் விளங்கவைக்க இயலவில்லை. நான்காம் நாள் அந்த வெற்றுத் தாளில் கையெழுத்திட்டார். மோட்டார் ஓடியது. அத்தாளின் மேற்பாதியில் வேறு என்ன எழுதப்பட்டது என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது.

அந்த மாசியின் இறுதியில் சக்கரபாணி, கண்ணையனையும் ரோஜாவையும் காரில் ஏற்றிக்கொண்டு என் கடைக்கு வந்தார். அவர் கையில் ஒரு கடிதம் இருந்தது. உடல்நலக் குறைவால் தலைவர் பதவியிலிருந்து விலகுவதாக ரோஜா எழுதுவது போன்ற கடிதம். அவர் விலகினால் பொறுப்பு துணைத்தலைவரான சக்கரபாணிக்குப் போகும்.

"நான் இவளுக்கு இன்னா கொறை வச்சேன் டீச்சர்? நீங்களே கேளுங்க. அன்னிக்கு இங்கதான் நின்னுக்கினு கம்பெனிக்குப் போவணும்னா. போவட்டும்ங்கறேன். அந்தக் கம்பெனி சூப்பர்வைசர் நமக்குத் தெரிஞ்ச பையன். சித்திரையிலேருந்து வேன்ல ஏறிக்கலாம். கண்ணையா, நீ சாயங்காலமே சாவியை வாங்கிக்கோ. பேஜாரே வேணாம்." பிறகு என் பக்கம் திரும்பி, மிகுந்த மரியாதையுடன், "இதைக் கொஞ்சம் நல்லா எழுதிக் குடுத்துடுங்க" என்றார்.

மூன்றரை ஆண்டுகளுக்கு முன், நடுவில் விலக முடியுமா என்று ரோஜா கேட்ட கதவு அது. இப்போது அவர் கேளாமலே திறக்கப்பட்டிருந்தது. நான் பேனாவை எடுக்கவில்லை. "கையெழுத்திடுபவர் சொன்னால்தான் எழுதுவேன்" என்றேன். அவ்வளவே என்னால் சொல்ல முடிந்தது.

சக்கரபாணி, "பேசி முடிவு பண்ணுங்க" என்று கூறிவிட்டுத் தேநீர் குடிக்க எதிர்ப்புறம் போனார். கணவனும் மனைவியும் ஜெராக்ஸ் பொறியின் இருபுறமும் நின்றனர்.

"போட்டுடு ரோசா. கால்ல வேணா உழறேன்."

"உடம்பு சரியில்லைன்னு எழுதியிருக்குது. எனக்கு உடம்புல இன்னா?"

"எல்லாரும் அப்பிடித்தான் எழுதுவாங்க. நீ ஆசைப்பட்ட வேலைதானே?"

"ஆமா. ராத்திரியெல்லாம் அந்த வேன் சத்தந்தான் எனக்கு."

"அப்புறம் இன்னா கேடு?"

"நான் போயிட்டா பாதையில கரும்பு அப்பிடியேதான் நிக்கும். உங்கம்மாவைத் தண்ணியில தேடினது நீதானே? மறந்துபுட்டியா?"

கண்ணையன் சுவரின் பக்கம் திரும்பினார். "மறக்கலை" என்றார். "ஆனா நாளைக்கும் சோறு துன்னணுமே."

அன்று கடிதத்தில் கையெழுத்து விழவில்லை. மூவரும் ஒன்றாகக் காரில் திரும்பவில்லை. சக்கரபாணி மட்டும் போனார். மற்ற இருவரும் ஒருவருக்கு முன் ஒருவராக, இடைவெளி விட்டு, பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தார்கள்.

ஆடியில் விழுப்புரத்திலிருந்து அறிவிப்பு வந்தது. கடமையைச் செய்யாமல் ஊராட்சிப் பணிகளை முடக்கியதாக ரோஜாவின் மேல் புகார். ஏன் பதவியிலிருந்து நீக்கக் கூடாது என்று எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும். ஊரார் நூற்றுப் பதினொரு பேர் புகாரில் கையெழுத்திட்டிருந்தனர். காலனிக்காரர்களும் அதில் இருந்தனர். பதினாறாவது கையெழுத்து கண்ணையனுடையது.

அவ்விசாரணையின் முடிவு, நான் இதை எழுதும் நாள்வரை வரவில்லை. வெட்டிய கட்டையிலிருந்து கரும்பு மறுதாம்பாகத் துளிர்த்து, பாதையில் மீண்டும் ஆளுயரம் நிற்கிறது. கண்ணையன் டிராக்டர் ஓட்டுகிறார். வேன் இப்போதும் ஐந்தரைக்கு வருகிறது. விசாரணை முடியுமுன் ரோஜா அதில் ஏறினால், குற்றத்துக்கு அஞ்சி ஓடிவிட்டார் என்று எழுதிக்கொள்வார்கள் என்பதால் அவர் ஏறுவதில்லை. அவரைக் கடைசியாக நான் பார்த்தது, அந்த விளக்கத்தை எழுத அவர் வந்த அன்றுதான்.

ஆடிக் காற்று கடையின் தாள்களையெல்லாம் பறக்கடித்துக்கொண்டிருந்தது. ரோஜா தனியாக வந்தார். நான் பேனாவை எடுத்தபோது, "நீங்க வேணாம் டீச்சர். நானே எழுதறேன். ஒக்கார எடம் குடுங்க, போதும்" என்றார். என் நாற்காலியை அவருக்குக் கொடுத்துவிட்டு நான் முக்காலியில் அமர்ந்தேன்.

ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று. எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார். தம்மேல் குற்றமில்லை என்று ஒரு வரிகூட அதில் இல்லை. அவர் எழுதியிருந்தது இதுதான்: பதவியேற்ற நாள்முதல் எழுதாத பக்கங்களில் கையெழுத்துப் போட்டு வந்தேன். அது தப்பு என்று தெரிந்தும் போட்டேன். 2023 அக்டோபர் இரண்டில் போட்டதும் அப்படித்தான். அன்று அந்தப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. காலனியில் யாரும் பாதை வேண்டாமென்று சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆகையால் அந்தத் தீர்மானம் செல்லாது. மாசியில் மோட்டாருக்காகப் போட்டதும் வெறுந்தாள்தான். இவ்வளவே.

"இதைக் கொடுத்தால் நீங்களே உங்களை நீக்கச் சொன்னதாக ஆகும், ரோஜா" என்றேன். "வழக்குக்கூட வரலாம். அந்த நிறுவனம் வழக்கிருப்பவரை வேலைக்கு எடுக்குமோ எடுக்காதோ."

"தெரியுது டீச்சர். வெறுந்தாள்ல போடலேன்னு பொய் சொன்னா நான் தப்பிச்சுக்குவேன், தீர்மானமும் நிக்கும். போட்டேன்னு சொன்னா நான் மாட்டிக்குவேன், அது உழுந்துடும். ரெண்டுல ஒண்ணுதான் குடுத்திருக்காங்க எனக்கு."

தாளில் எழுத்துப்பிழைகள் பல இருந்தன. என் கை தானாகச் சிவப்புப் பேனாவை நோக்கிப் போனது. கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

கையெழுத்திட வேண்டிய இடம் தாளின் அடியில் இருந்தது. அவர் எழுதியதற்கும் அந்த இடத்துக்கும் நடுவே கால் பக்கம் வெறுமையாகக் கிடந்தது. ரோஜா பேனாவை அங்கே கொண்டுபோனார். உடனே எடுத்துவிட்டார். அந்த வெற்றிடத்தைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு மேசையைத் துழாவிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஸ்கேல் இருந்தா குடுங்க டீச்சர். மொதல்ல இந்தக் காலி எடத்துல குறுக்கக் கோடு அடிச்சுடறேன். அப்புறம் கையெழுத்துப் போடறேன்."